ஹாலில் எக்ஸ்பாக்ஸ், அறையில் கம்ப்யூட்டர்: இரண்டுக்கும் பொதுவாக ஒரு வயர் கண்ட்ரோலர்

அக்கா வீட்டு ஹாலில் டிவியோடு எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் என்ற கேம் கன்சோல் இருக்கிறது. உள் அறையில் அக்கா மகனின் டெஸ்க்டாப், விண்டோஸ் 11. விளையாட ஆள் இரண்டு: காலேஜ் படிக்கும் அவன், பள்ளிக்கூடம் போகும் தங்கை. கையில் இருந்ததோ கன்சோல் பெட்டியோடு வந்த ஒரே ஒரு கண்ட்ரோலர். அது பென்சில் செல் இரண்டு போட்டு ஓடுகிற வகை. "மளிகை லிஸ்ட்ல மாசாமாசம் பேட்டரி எழுதறது நான் ஒருத்திதான்" என்று அக்கா சொன்ன அன்றுதான் இரண்டாவது கண்ட்ரோலர் பேச்சு வந்தது. அது வயர் வைத்ததாக இருக்கட்டும் என்பதும் அவர் முடிவுதான்.

ரீசார்ஜபிள் செல் நான்கும் ஒரு சார்ஜரும் வாங்கிப் போட்டாலே பேட்டரிச் செலவு தீர்ந்திருக்கும். சொல்லிப் பார்த்தேன். "யாரு ஞாபகமா சார்ஜ் போடுவா?" என்று கேட்டார். பதில் இல்லை.

தேவை இதுதான். கன்சோலிலும் கம்ப்யூட்டரிலும் ஒரே கண்ட்ரோலர் ஓட வேண்டும். ஒரிஜினலைவிட விலை குறைய வேண்டும். டிவியிலிருந்து சோபா வரை வயர் எட்ட வேண்டும். விளையாடுவதில் முக்கியமானவை மூன்று: ஃபோர்ஸா ஹொரைசன் 5, ஒரு ஃபுட்பால் கேம், ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6. ஃபோர்ஸாவைக் காலையில் ஹாலில் நிறுத்திவிட்டு ராத்திரி அறையில் விட்ட இடத்திலிருந்து தொடர்வான். ஒரே கணக்கில் இருப்பதால் சேவ், அதாவது ஆட்டம் எதுவரை வந்தது என்ற பதிவு, இரண்டு பக்கமும் வந்துவிடும். இரண்டு இடத்திலும் கைக்கு ஒரே பொருள் வேண்டும் என்று அவன் கேட்டதில் அர்த்தம் இருந்தது.

கன்சோல் பக்கமிருந்து தொடங்க வேண்டும்

என்னிடம் கேட்பதற்கு முன்பே அவன் ஒரு கடையில் விலை மலிவான வயர் கேம்பேட் ஒன்றை எடுத்து வந்திருந்தான். கடைக்காரர் "எல்லாத்துக்கும் போகும் தம்பி" என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார். பெட்டியின் பக்கவாட்டில் பிசி, பிஎஸ்3, ஆண்ட்ராய்டு என்று மூன்று பெயர்கள். எக்ஸ்பாக்ஸ் என்ற பெயர் எங்கும் இல்லை. கம்ப்யூட்டரில் செருகியதும் ஒரு நொடியில் வேலை செய்தது. எக்ஸ்பாக்ஸில் செருகினால் விளக்கு மட்டும் எரிந்தது. திரையில் எந்த அசைவும் இல்லை.

பீஸில் கோளாறு எதுவும் இல்லை. யுஎஸ்பி முனை பொருந்துகிறது என்பதற்காகக் கன்சோல் எந்தப் பொருளையும் உள்ளே விடாது. செருகிய சாதனத்திடம் எக்ஸ்பாக்ஸ் முதலில் அடையாளம் கேட்கும். மைக்ரோசாஃப்ட்டிடம் உரிமம் பெற்ற கண்ட்ரோலர்களுக்குள் அதற்குப் பதில் சொல்லவே ஒரு பாதுகாப்புச் சில்லு இருக்கும். சரியான பதில் வந்தால்தான் பட்டன்களுக்கு மரியாதை. கம்ப்யூட்டருக்கு இந்தக் கெடுபிடி கிடையாது. விண்டோஸுக்குப் புரிகிற மொழியில் பேசினால் போதும், எந்தக் கம்பெனி என்று அது கேட்காது.

ஆகவே "கம்ப்யூட்டருக்கு நல்ல கண்ட்ரோலர் எது, அது கன்சோலிலும் ஓடுமா?" என்று தேடினால் கண்ணுக்குப் படுவதில் பெரும்பாலானவை கழிந்துபோகும். "இந்தக் கன்சோல் எதை ஏற்கும்?" என்று தொடங்கினால் மிஞ்சுவது எல்லாம் கம்ப்யூட்டரிலும் ஏறக்குறைய தானாகவே ஓடும். எக்ஸ்பாக்ஸ் விஷயத்தில் இது இன்னும் சுலபம், ஏனென்றால் இரண்டு பக்கமும் ஒரே கம்பெனி.

இந்தக் கெடுபிடி நாளாக ஆக இறுகித்தான் வருகிறது. 2023 நவம்பரில் எக்ஸ்பாக்ஸ் இன்னும் ஒரு படி மேலே போனது. உரிமம் இல்லாத சாதனம் எதையாவது செருகினால் முதலில் ஓர் எச்சரிக்கை, இரண்டு வாரம் கெடு, அதற்குப் பிறகு தடை. அதுவரை ஏதோ ஒரு வழியில் ஓடிக்கொண்டிருந்த மாற்றி அடாப்டர்கள் பல அந்த மாதம் 12-ஆம் தேதியோடு வெட்டியாகிவிட்டன. "அடாப்டர் போட்டு ஓட்டிக்கலாம்" என்று யாராவது சொன்னால் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு ஓடுவது அடுத்த அப்டேட்டில் ஓடாமல் போகலாம்.

அவன் அடுத்ததாகக் காட்டியது பழைய எக்ஸ்பாக்ஸ் 360 வயர் கண்ட்ரோலர், செகண்ட் ஹேண்ட். 2005-இல் வந்த பொருள், கையில் உட்காரும் விதம் இன்றைக்கும் அருமை. கம்ப்யூட்டரில் கேம்பேட் என்றாலே இன்று நாம் எதிர்பார்க்கிற பட்டன் அமைப்பு அதனால் நிலைத்ததுதான். அதோடு சேர்ந்து வந்த எக்ஸ்இன்புட் என்ற இணைப்பு முறையை நம்பித்தான் பிறகு வந்த பெரும்பாலான பிசி கேம்கள் எழுதப்பட்டன. அமெரிக்கக் கடற்படை கூட அதை விடவில்லை. 2018-இல் சேவைக்கு வந்த யுஎஸ்எஸ் கொலராடோ நீர்மூழ்கிக் கப்பலில் பெரிஸ்கோப்புக்குப் பதிலாக இருக்கும் கேமரா கம்பத்தைத் திருப்ப எக்ஸ்பாக்ஸ் 360 கண்ட்ரோலர்தான். அதற்கு முன் இருந்த கைப்பிடி அமைப்புக்கு ஏறத்தாழ 38,000 டாலர். கண்ட்ரோலர் 30 டாலருக்குள். இளம் மாலுமிகளுக்குப் பயிற்சி தரும் வேலையும் குறைந்தது.

கடற்படைக்குச் சரி, அக்கா வீட்டுக்கு உதவாது. 360 கண்ட்ரோலரை எக்ஸ்பாக்ஸ் ஒன் ஏற்காது, அதற்குப் பிறகு வந்த சீரிஸ் வகைகளும் ஏற்காது. அந்த வடிவம்தான் வேண்டும் என்பவர்களுக்கு ஹைப்பர்கின் என்ற கம்பெனி உரிமம் பெற்று 'ஜெனான்' என்று அச்சு அசலாக ஒன்று செய்திருக்கிறது. அது புதிய கன்சோல்களிலும் ஓடும்.

இருப்பதையே வயரில் ஓட்டிப் பார்த்தோம்

புதிதாக வாங்குவதற்கு முன் ஒரு கேள்வி பாக்கி இருந்தது. பெட்டியோடு வந்த கண்ட்ரோலரின் தலையில் யுஎஸ்பி-சி துளை இருக்கிறதே, அதில் கேபிள் செருகினால்? தாராளமாக ஓடும். செல்லே வேண்டாம். கேபிள் செருகியதும் அது ரேடியோவை விட்டுவிட்டு வயருக்குத் தானாக மாறிவிடும். 'வயர்லெஸ்' என்று விற்கப்படும் எக்ஸ்பாக்ஸ் கண்ட்ரோலர் உண்மையில் வயர் கண்ட்ரோலரும்கூட. கேபிள் மட்டும் தர மாட்டார்கள், பெட்டியில் செல் இரண்டைப் போட்டுவிட்டு ஒதுங்கிவிடுவார்கள்.

கேபிள் தேடும் படலம் தனிக்கதை. வீட்டில் போனோடு வந்த கேபிள்கள் எல்லாம் இரண்டு முனையும் சி. சீரிஸ் எஸ்-இல் முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு என்று இருக்கும் மூன்று துளையும் பழைய அகலமான ஏ வகை. ஒரு பக்கம் ஏ, மறுபக்கம் சி உள்ள கேபிள் ஒன்று பவர் பேங்க் பையில் கிடைத்தது. செருகினால் கம்ப்யூட்டர் கண்டுகொள்ளவே இல்லை. அது சார்ஜ் மட்டும் செய்கிற கேபிள், உள்ளே டேட்டாவுக்கான கம்பிகளே கிடையாது. வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஒரு போனையும் கம்ப்யூட்டரையும் அந்தக் கேபிளால் இணைத்து, போனில் உள்ள படங்கள் கம்ப்யூட்டரில் தெரிகிறதா என்று பார்ப்பதுதான் சுலபமான சோதனை. தெரிந்தால் கண்ட்ரோலருக்கும் ஆகும்.

சரியான கேபிள் கிடைத்ததும் பழைய கண்ட்ரோலர் இரண்டு இடத்திலும் பிரமாதமாக ஓடியது. பேட்டரிச் செலவு அங்கேயே முடிந்தது என்று சொல்லலாம். ஒரே ஒரு குறை. அந்தத் துளை வழுவழுப்பான முகப்பில் வெறுமனே இருக்கிறது, கேபிளைப் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. ஃபுட்பால் ஆடும் வேகத்தில் இழுத்தால் நழுவும், நாளாக ஆகத் துளையும் ஆட்டம் காணும். வயருக்கென்றே செய்த கண்ட்ரோலர்களில் முனை உள்ளடங்கி, பள்ளத்துக்குள் இறுக்கமாக உட்கார்ந்திருக்கும். எப்படியும் இரண்டாவது ஒன்று வேண்டும் என்பதால் அதை வயருக்கென்றே செய்ததாகப் பார்ப்பது என்று முடிவானது.

மிஞ்சியவை

பெட்டியில் எக்ஸ்பாக்ஸ் உரிம முத்திரை இருப்பது மட்டும் என்று வடிகட்டியதும் பட்டியல் சின்னதாகிவிட்டது. பல வருடமாகப் பேர் வாங்கிய லாஜிடெக் எஃப்310 முதலிலேயே போனது. கம்ப்யூட்டருக்கு மட்டுமானால் உழைக்கிற மாடு மாதிரி, பின்னால் உள்ள சுவிட்சை டி பக்கம் தள்ளினால் எக்ஸ்இன்புட்டுக்கு முந்தைய டைரக்ட்இன்புட் முறையில் ஓடும் பழைய கேம்களுக்கும் ஆகும். ஆனால் அதிர்வு கிடையாது, வயர் 1.8 மீட்டர், கன்சோலுக்கு ஆகாது. ரேசர் வுல்வரின் வி2 நன்றாக இருந்தது. வயர் உடம்போடு ஒட்டியது, கழற்ற முடியாது. அது பிய்ந்தால் முழுக் கண்ட்ரோலரும் ரிப்பேர் கடைக்குப் போக வேண்டும். விலையும் எங்கள் வரம்பைத் தாண்டியது. பவர்ஏ கம்பெனியின் வயர் கண்ட்ரோலர் விலைக்குப் பொருந்தியது, வயரும் கழற்றக்கூடியது. நாங்கள் பார்த்த பீஸில் மைக்ரோ யுஎஸ்பி, இனி வீட்டில் மாற்றுக் கேபிள் கிடைப்பது குறைந்துகொண்டே போகும் வகை. கடைசியில் நின்றது கேம்சர் ஜி7 எஸ்இ. வயர் மட்டுமே உள்ள மாடல், எக்ஸ்பாக்ஸ் உரிமம் உண்டு, கழற்றக்கூடிய 3 மீட்டர் யுஎஸ்பி-சி கேபிள், பின்புறம் கூடுதலாக இரண்டு பட்டன், ஹெட்போன் துளை.

ஹெட்போன் துளையைச் சாதாரணமாக விட்டுவிடக் கூடாது. சீரிஸ் எஸ் பெட்டியில் ஹெட்போன் துளை கிடையாது, ஆப்டிகல் துளையும் கிடையாது. ராத்திரி பத்து மணிக்கு மேல் அத்தான் தூங்கும்போது சாதாரண ஹெட்போன் போட்டு விளையாட சுலபமான வழி கண்ட்ரோலர்தான்.

ஸ்டிக் எதனால் ஆனது

விலையும் வயரும் போக, உண்மையில் என் வாக்கு ஜி7 எஸ்இ பக்கம் சாய்ந்தது அதன் ஸ்டிக்குகளுக்காக, அதாவது கட்டைவிரலால் எல்லாப் பக்கமும் சாய்க்கிற அந்த இரண்டு குமிழ்களுக்காக. வழக்கமான கண்ட்ரோலர் ஸ்டிக்குக்குள் இருப்பது பொட்டென்ஷியோமீட்டர். பழைய ரேடியோவில் சத்தம் கூட்டும் திருகுக்குள் இருப்பதே இதுவும். ஒரு கார்பன் தடம், அதன் மேல் உரசிக்கொண்டே நகரும் ஒரு சின்ன உலோக நாக்கு. ஸ்டிக் எங்கே நிற்கிறது என்பதை மின்னழுத்தத்தை வைத்துக் கணக்கிடும். உரசல் இருக்கும் இடத்தில் தேய்மானமும் இருக்கும். தடம் தேய்ந்து தூசியும் சேர்ந்தால், நடுவில் சும்மா விட்ட ஸ்டிக் கொஞ்சம் இடதுபுறம் இருப்பதாகக் கண்ட்ரோலர் நினைத்துக்கொள்ளும். யாரும் தொடாமலே கார் ஓரமாக ஒதுங்கும். இதைத்தான் ட்ரிஃப்ட் என்கிறார்கள்.

ஜி7 எஸ்இ-இல் இருப்பது 'ஹால் எஃபெக்ட்' வகை ஸ்டிக், அதில் உரசலே இல்லை. ஸ்டிக்கோடு ஒரு காந்தம் நகரும், அதன் காந்தப் புலம் மாறுவதை எதிரில் உள்ள உணரி அளக்கும். 1879-இல் எட்வின் ஹால் என்ற அமெரிக்க இயற்பியலாளர் கண்ட விளைவு, அவர் பெயரே நின்றுவிட்டது. கேம் உலகில் இது புதிதும் அல்ல. 1998-இல் வந்த சேகாவின் ட்ரீம்காஸ்ட் கண்ட்ரோலரில் இருந்தது இதே நுட்பம்தான். நடுவில் பல வருடம் எல்லோரும் மலிவான பொட்டென்ஷியோமீட்டர் பக்கம் போனார்கள். ட்ரிஃப்ட் புகார் பெருகிய பிறகு சின்னக் கம்பெனிகள்தான் அதை மறுபடி தூசி தட்டி எடுத்தன.

விளம்பரத்தில் சொல்வது போல "வாழ்நாள் முழுக்க ட்ரிஃப்ட் இல்லை" என்பதை அப்படியே விழுங்க வேண்டியதில்லை. உணரி தேயாது, ஆனால் ஸ்டிக்கை நடுவுக்குக் கொண்டுவருகிற ஸ்பிரிங் ஸ்பிரிங்தான். அது தளர்ந்தால் நடுப்புள்ளி தள்ளாடும். இருந்தாலும் நாள் முழுக்க இரண்டு பேர் மாற்றி மாற்றி அடிக்கிற வீட்டில் முதலில் போகும் பாகம் எது என்று பார்த்தால் ஸ்டிக்தான், அதில் தேய்மானம் குறைவு என்பது பெரிய விஷயம்.

இன்னொரு வேடிக்கை: ஒரிஜினல் எக்ஸ்பாக்ஸ் கண்ட்ரோலரிலும் காந்த உணரி உண்டு, ஆனால் ஆள்காட்டி விரலால் அழுத்தும் ட்ரிக்கர்களில்தான். தினமும் அதிகம் வதைபடும் ஸ்டிக்குக்கு அந்த யோகம் இல்லை.

பெட்டி பிரித்த அன்று

முதலில் கம்ப்யூட்டரில் சோதித்தோம். விண்டோஸில் ஸ்டார்ட் மெனுவைத் திறந்து 'ஜாய்.சிபிஎல்' என்று ஆங்கில எழுத்தில் தட்டினால் பழைய காலத்து கேம் கண்ட்ரோலர் பக்கம் ஒன்று திறக்கும். அதில் ப்ராப்பர்ட்டீஸ் போனால் ஸ்டிக் நிற்கும் இடம் ஒரு சின்னக் கூட்டல் குறியாகத் தெரியும். ஸ்டிக்கைத் தள்ளிவிட்டுச் சட்டென்று விட வேண்டும். குறி ஒவ்வொரு தடவையும் கட்டத்தின் நடுவுக்கே திரும்பினால் நல்லது. நான்கு திசையிலும் பார்த்தோம், திரும்பியது. அப்புறம் விளிம்போடு உரசியபடி மெதுவாக வட்டம் சுற்றிப் பார்த்தோம், எங்கும் பள்ளம் விழவில்லை.

ட்ரிக்கர் சோதிக்கும்போது அவன் முகம் மாறியது. "மாமா, ரெண்டையும் சேர்த்து அழுத்தினா கோடு நடுவுலயே நிக்குது. டிஃபெக்ட் பீஸா?"

"அழுத்தறதை ஒவ்வொண்ணா அழுத்துடா."

ஒவ்வொன்றாக அழுத்தினால் ஒன்று ஒரு பக்கமும் மற்றது எதிர்ப்பக்கமும் சரியாகப் போனது. அந்தப் பழைய பக்கம் டைரக்ட்இன்புட் முறையில் பார்க்கிறது, அதில் எக்ஸ்பாக்ஸ் வகைக் கண்ட்ரோலரின் இரண்டு ட்ரிக்கரும் ஒரே அச்சில் வரும். ஒன்று கூட்டினால் மற்றது கழிக்கும், சேர்த்து அழுத்தினால் நடுவில் நிற்கும். கேம்களில் எக்ஸ்இன்புட் வழியாகப் போவதால் தனித்தனியாகவே வேலை செய்யும். ஃபோர்ஸாவைத் திறந்து ஆக்ஸிலரேட்டரையும் பிரேக்கையும் ஒன்றாகப் பிடித்து டயர் புகைய விட்டுக் காட்டிய பிறகுதான் நம்பினான். இதைத் தெரியாமல் நல்ல பீஸைத் திருப்பி அனுப்புகிறவர்கள் நிச்சயம் இருப்பார்கள்.

ஹாலில் பிரச்சினை வேறு. டிவி ஸ்டாண்டிலிருந்து சோபா மூன்று மீட்டருக்குள்தான். ஆனால் வயர் அந்தரத்தில் போகாது. ஸ்டாண்டிலிருந்து தரைக்கு இறங்கி, சுவரோரம் சுற்றி, சோபாவில் ஏறி மடி வரை வர வேண்டும். நேர்கோட்டில் போட்டால் எட்டுகிறது, நடைபாதையில் குறுக்கே கிடக்கிறது. அக்கா காபி டம்ளரோடு வருகிற வழி அது. கடைசியில் இரண்டு மீட்டர் யுஎஸ்பி எக்ஸ்டென்ஷன் ஒன்று போட்டுச் சுவரோரமாகக் கொண்டு வந்தோம். சாதாரண யுஎஸ்பி கேபிளுக்கு மொத்த நீளம் ஐந்து மீட்டர் என்பது எல்லை. இது சரியாக அதைத் தொட்டு நிற்கிறது, இதற்கு மேல் நீட்ட மாட்டேன். எக்ஸ்டென்ஷனால் இன்னொரு லாபமும் உண்டு: யாராவது தடுக்கினால் நடுவில் உள்ள இணைப்பு கழன்றுகொள்ளும், கன்சோல் கீழே வராது. அந்தக் காலத்து எக்ஸ்பாக்ஸ் வயர்களில் இதற்கென்றே நடுவில் கழன்றுகொள்ளும் ஒரு முனை வைத்திருந்தார்கள். நல்ல யோசனை, ஏன் விட்டார்கள் என்று தெரியவில்லை.

வயர் போட்டால் வேகமா?

வயர் கண்ட்ரோலர் பேச்சு வந்தாலே இந்தக் கேள்வி வரும். விளம்பரங்களில் 1000 ஹெர்ட்ஸ் என்று பெரிய எழுத்தில் போடுவார்கள். அதாவது கண்ட்ரோலர் நொடிக்கு ஆயிரம் தடவை நிலவரம் சொல்கிறது, ஒரு மில்லி நொடிக்கு ஒரு தடவை. 125 ஹெர்ட்ஸ் என்றால் 8 மில்லி நொடிக்கு ஒரு தடவை. கேம் நொடிக்கு 60 ஃப்ரேமில், அதாவது 60 படமாக, ஓடினால் ஒரு ஃப்ரேமுக்கே ஏறத்தாழ 16.7 மில்லி நொடி. ஆக, மிக மோசமான கணக்கிலும் வித்தியாசம் அரை ஃப்ரேமைத் தாண்டாது. ஸ்ட்ரீட் ஃபைட்டரில் போட்டிக்குப் போகிறவர்களுக்கு அது பெரிது. மற்றவர்களுக்கு அந்த எண்ணுக்காகப் பணம் சேர்த்துக் கொடுப்பது வீண்.

ஹாலில் எங்களுக்குக் கண்கூடாகத் தெரிந்த மாற்றம் வயரால் வந்ததே அல்ல. டிவியில் கேம் மோட் அணைந்திருந்தது. படத்தை மெருகேற்றுகிறேன் என்று டிவி ஒவ்வொரு ஃப்ரேமையும் பிடித்து வைத்துக்கொண்டிருந்தது. கேம் மோடைப் போட்டதும் "கண்ட்ரோலர் சூப்பர் மாமா" என்றாள் சின்னவள். பாராட்டு கண்ட்ரோலருக்கே போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

வயரின் உண்மையான லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. நடு ஆட்டத்தில் இணைப்பு அறுந்து "கண்ட்ரோலரை இணைக்கவும்" என்று திரை நிற்காது. சண்டை கேம் போட்டிகளில் வயரையே விரும்புவதற்கும் இது ஒரு காரணம். அரங்கில் பத்து வயர்லெஸ் கண்ட்ரோலர் இருந்தால், யாரோ ஒருவருடையது தவறான கன்சோலோடு சேர்ந்து இரண்டு பேரின் ஆட்டத்தை நிறுத்திவிடும்.

பிஎஸ்5 வீடாக இருந்தால்

அவன் நண்பன் ஒருவன் இதே கண்ட்ரோலரை வாங்கலாமா என்று கேட்டானாம். அவன் வீட்டில் இருப்பது பிஎஸ்5, ஆகவே வேண்டாம். பிளேஸ்டேஷனுக்கும் தனிக் கதவு, தனிச் சாவி. பிஎஸ்5 கேம்களுக்கு அதன் சொந்தக் கண்ட்ரோலரான டூயல்சென்ஸோ சோனி உரிமம் பெற்ற மற்றொன்றோதான் வேண்டும். பிஎஸ்4-இன் பழைய டூயல்ஷாக் 4 கண்ட்ரோலர் வைத்திருந்தால் பிஎஸ்5-இல் பிஎஸ்4 கேம்களை மட்டும் ஆடலாம். உரிமம் பெற்ற மலிவான வயர் கண்ட்ரோலர் அந்தப் பக்கம் அபூர்வம். அதனால் டூயல்சென்ஸையே நல்ல டேட்டா கேபிளில் ஓட்டச் சொன்னேன். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: அதில் கேபிள் செருகினால் மட்டும் போதாது. செட்டிங்ஸில் ஆக்சஸரீஸ் போய், கண்ட்ரோலர் தொடர்பு முறையை யுஎஸ்பி கேபிள் என்று மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் வயர் சார்ஜ் மட்டும் போடும், பேச்சு புளூடூத்திலேயே நடக்கும்.

அதே டூயல்சென்ஸைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோனால் ஸ்டீம் என்ற பிசி கேம் கடையில் வாங்கிய கேம்களுக்குக் கவலையில்லை, ஸ்டீமே மொழிபெயர்த்துக் கொடுத்துவிடும். விரலை எதிர்த்துத் தள்ளுகிற அந்த ட்ரிக்கர் வித்தை சில பிசி கேம்களிலும் வேலை செய்யும், பெரும்பாலும் வயரில் இருந்தால் மட்டும். எக்ஸ்இன்புட்டை மட்டுமே எதிர்பார்க்கும் கேம்களை ஸ்டீமுக்கு வெளியே ஓட்டினால்தான் நடுவில் வேறு மென்பொருள் தேட வேண்டியிருக்கும். நிண்டெண்டோ ஸ்விட்ச் கண்ட்ரோலரைப் பொதுவாக வைத்துக்கொள்ளலாமா என்று கேட்பவர்கள் கார் கேம் ஆடுவார்களா என்று முதலில் பார்க்க வேண்டும். அதன் ட்ரிக்கர் வெறும் பட்டன், பாதி அழுத்தம் என்பதே கிடையாது. ஆக்ஸிலரேட்டர் ஒன்று முழுசாக இருக்கும், அல்லது இருக்காது.

அக்கா வீட்டில் இப்போது ஜி7 எஸ்இ ஹாலில், பழைய கண்ட்ரோலர் கேபிளோடு அறையில். ஏ முனை, சி முனை, டேட்டா போகும் என்று சோதித்த இன்னொரு கேபிளை வாங்கி டிவி ஸ்டாண்டு டிராயரில் போட்டு, சார்ஜ் கேபிளோடு கலந்துவிடாமல் இருக்கச் சிவப்பு இன்சுலேஷன் டேப் சுற்றி வைத்திருக்கிறோம். கடையிலிருந்து வந்த அந்த முதல் கேம்பேட் கம்ப்யூட்டரில் இரண்டாவது ஆளுக்கு ஆகிறது.